கத்தரி வைக்கத் தெரிந்த கைக்கு என்ன கூலி?

பொதட்டூர்பேட்டை நெசவாளர்களின் ஊர். தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில், வீட்டின் பின்கட்டில் கொஞ்சம் மண் இருந்தால் போதும். ஒரு மல்லிப் புதர், நாலு கனகாம்பரம், ஒரு முருங்கை நிற்கும். இடம் தாராளமாக இருந்தால் ஓர் ஒட்டு மாவும் இருக்கும். தறியை விட்டு எழுந்திருக்க நேரமில்லாதவர்கள் தோட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். வாசலிலேயே முதல் கேள்வி வந்துவிடும்: "ஒரு நாளைக்கு எவ்வளவுண்ணா?"

அந்தக் கேள்விக்கு அரசாங்கக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2025-26 நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42 ரூபாய். மண் வெட்டி, கூடை சுமக்கும் உழைப்புக்குப் போட்ட அடிமட்டத் தொகை இது. தோட்ட வேலை தெரிந்தவர் இதற்கு மேல்தான் கேட்பார். நாள் கூலியாகவோ, வேலையை மொத்தமாகப் பேசியோ, வாரத்துக்கு இரண்டு முறை வந்து போக மாதச் சம்பளமாகவோ கேட்பார். எப்படிப் பேசினாலும் 336-க்கு மேலே வரும் அந்தப் பணம் எதற்கு? உடம்பின் உழைப்புக்கு அல்ல என்பது என் கட்சி. செடிக்குள்ளே நடக்கும் சில அபாரமான காரியங்களை அந்த மனிதர் கையால் தெரிந்துவைத்திருக்கிறார். பணம் அதற்குத்தான்.

மல்லியை எடுத்துக்கொள்வோம். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு மேலே உள்ள அத்தனையையும் வெட்டிவிட வேண்டும். பச்சைப் பசேலென்று இடுப்புக்கு மேல் நிற்கும் புதரைப் பாதியாக்குவதைப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு வயிறு கலங்கும். வேலை தெரிந்தவர் உடனே கத்தரி வைக்கமாட்டார். புதரை ஒரு சுற்று சுற்றி வருவார். காய்ந்த குச்சியை நகத்தால் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் அது முதலில் போகும். ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் இளைத்ததை எடுப்பார். பிறகுதான் உயரம் குறைப்பார். ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக விழும். அந்தக் கணுவின் மொட்டு புதருக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இரண்டு விரற்கடை தள்ளி வெட்டினால் மிச்சக் குச்சி காய்ந்து, அழுகல் கீழே இறங்கும். மொட்டை ஒட்டி வெட்டினால் மொட்டே காய்ந்துவிடும்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், மல்லி பூப்பது புதுத் தளிர்களில். புதுத் தளிர் எங்கிருந்து கிளம்ப வேண்டும், எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அந்த வெட்டுத்தான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் ஒரு சின்ன மொட்டு தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூங்கவைப்பது கிளையின் நுனி. நுனியில் ஊறும் ஆக்சின் என்ற வளர்ச்சிச் சுரப்பு தண்டு வழியாகக் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை வளரவிடாமல் அடக்கிவைக்கிறது. தாவரவியலில் இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். 1930-களில் கென்னத் திமான், ஃபோக் ஸ்கூக் என்ற இருவர் மொச்சை வகைச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். நுனியே இல்லாதபோதும் பக்க மொட்டுகள் எழவில்லை. நுனி இன்னும் இருப்பதாகவே செடி நடந்துகொண்டது.

கதை அங்கே முடிந்துவிட்டதாகத்தான் பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்கள் எழுதின. ஆனால் ஒரு கணக்கு இடித்தது. ஆக்சின் தண்டுக்குள் நகரும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் நீளக் கிளையின் நுனியில் வெட்டினால் அந்தச் சேதி அடிக்கு வந்து சேர ஆறு நாளுக்கு மேலாகும். மொட்டுகளோ சில மணி நேரத்திலேயே வீங்கத் தொடங்கிவிடுகின்றன. அப்படியானால் யார் எழுப்பியது? 2014-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகக் குழு ஒன்று பட்டாணிச் செடியில் விடை கண்டது: சர்க்கரை. இலைகள் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வளரும் நுனியே இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது. பசித்துக் கிடந்த மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. ஆக்சினின் வேலை அதற்குப் பிறகு, மெதுவாக வருகிறது. தோட்டக்காரரின் ஒரு வெட்டு, செடியின் ஒரு வருடச் சாப்பாட்டுப் பங்கீட்டையே மாற்றி எழுதிவிடுகிறது!

அடுத்தது தேதி. இந்தப் பகுதியில் பூவுக்கு ஒரு பெரிய நாள் உண்டு; திருத்தணி ஆடிக் கிருத்திகை. மலர்க் காவடிகள் மலையேறும் அந்த நாட்களில் பூ கிடைத்தால் லாபம், பத்து நாள் பிந்தினால் நஷ்டம். அதனால் பூச்செடி வைப்பவர் நாட்காட்டியைப் பின்பக்கமாகப் புரட்டுகிறார். செண்டுமல்லியை விதைத்து நாற்றாக்க ஒரு மாதம், நட்ட பிறகு பூவுக்குச் சுமார் இரண்டு மாதம் என்று வைத்தால், ஆடிப் பூவுக்குச் சித்திரை வெயிலிலேயே விதை விழுந்திருக்க வேண்டும்.

சாமந்தி இன்னும் அதிசயம். அது இரவை அளக்கிறது! இரவு போதிய அளவு நீண்டால்தான் பூக்க முடிவெடுக்கும். பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் 1920-இல் வெளியிட்டார்கள். புகையிலையும் சோயாவும் அவர்களுக்குத் தடயம் கொடுத்தன. பின்னால் வந்த ஆய்வுகள், செடி கணக்கெடுப்பது பகலை அல்ல, இடைவிடாத இருட்டை என்று காட்டின. நள்ளிரவில் சற்று நேரம் விளக்குப் போட்டாலே நீண்ட இரவு இரண்டு குட்டை இரவுகளாக உடைந்துவிடும், சாமந்தி பூக்காது. பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் செடி உயரம் பிடிக்கும் வரை இரவில் பல்பு எரியவிட்டு, பிறகு அணைத்துவிடுவது இதனால்தான். உங்கள் வீட்டுச் சாமந்தி இலையாகவே நிற்கிறது என்றால், உரம் போடச் சொல்கிறவரை விட, நிமிர்ந்து தெருவிளக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

மாமரத்துக்கு வருவோம். ஓட்டின்மேல் சாய்ந்த கிளையை எடுக்க வேண்டும். அரிவாள் வைத்திருக்கும் யாரும் எடுத்துவிடலாம், ஆனால் எங்கே? நமக்கு அடிபட்டால் புதுத் தோல் வளர்ந்து பழைய இடத்தை நிரப்புகிறது. மரத்துக்கு அது முடியாது. வெட்டுப்பட்ட திசு வெட்டுப்பட்டதுதான். மரம் அதைச் சுற்றி ரசாயனச் சுவர்கள் எழுப்பி, உள்ளே அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்க்கிறது. ஒழுகும் அறையைப் பூட்டிவிட்டு வீட்டின் மற்ற பகுதியில் குடியிருப்பதைப் போல. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்து 1970-களில் இதை விளக்கினார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் புடைத்த, சுருக்கம் விழுந்த வளையம் ஒன்று தெரியும். சுவர் எழுப்பும் சக்தி அங்கேதான் இருக்கிறது. வளையத்துக்கு வெளியே அறுத்தால் மரம் சில ஆண்டுகளில் காயத்தை மூடிவிடும். தண்டோடு வழுவழுப்பாகச் சீவினால் பார்க்க அழகாக இருக்கும். மரத்தின் காவலே போய்விடும். வீட்டுக்காரருக்குச் 'சுத்தமான வேலை'யாகத் தெரிவது மரத்துக்கு ஆறாத வாசலாகிவிடுகிறது.

பெரிய வெட்டுவாயில் தடவும் நீலப் பசைக்கும் ஒரு கதை உண்டு. பிரான்சில் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையைப் போகிறவர் வருகிறவர் பறிக்காமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்துவைப்பார்கள். அருவருப்பான அந்த நிறத்தைப் பார்த்தால் யாரும் கைவைக்கமாட்டார்கள். 1882-இல் அந்த வழியாகப் போன தாவரவியலாளர் மில்லார்டே, தெளித்த கொடிகளில் மட்டும் பூஞ்சண நோய் இல்லாததைக் கவனித்தார். மூன்று வருடத்தில் அது மருந்தாக வெளிவந்தது. இன்று உரக்கடையில் மயில்துத்தம் வாங்கி, அதே அளவு சுண்ணாம்போடு பத்துப் பங்கு தண்ணீரில் குழைத்தால் அதே போர்டோ பசை தயார். திருட்டுக்குப் பயந்து செய்தது மருந்தாகி, நூற்றைம்பது வருடம் நெருங்கியும் புழக்கத்தில் இருக்கிறது.

ஒட்டுக் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். கொட்டையிலிருந்து முளைத்த மாங்கன்றின் தலையைச் சீவி, நடுவில் ஒரு பிளவு. நல்ல மரத்திலிருந்து எடுத்த பென்சில் கனக் குச்சியின் அடியை ஆப்புப் போல இரண்டு பக்கமும் சீவி, அந்தப் பிளவில் சொருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இரண்டு குச்சிகளிலும் உயிருள்ள வளையம் ஒன்று இருக்கிறது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே புது மரத்தையும் புதுப் பட்டையையும் பெற்றுப்போடும் அந்த அடுக்குக்குக் கேம்பியம் என்று பெயர். அது சில செல்கள் தடிமன்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். மேல் குச்சியின் கேம்பியம் கீழ் கன்றின் கேம்பியத்தை ஒரு பக்கமாவது தொட வேண்டும். தொட்டால் இரண்டு உயிர்களின் குழாய்களும் இணைந்து, புளிப்புக் கொட்டையின் வேரிலிருந்து பங்கனப்பள்ளி காய்க்கும். தொடாவிட்டால் குச்சி காயும். பூதக்கண்ணாடி இல்லாமல், வெறும் கண்ணால், அந்த வேகத்தில் அந்த வளையத்தைப் பொருத்துகிறது ஒரு கை.

அந்தக் கன்றை வாங்கி வந்து நட்டபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ள வேண்டும். அது பங்கனப்பள்ளித் துளிர் அல்ல, அடிக்கன்றின் துளிர். வேர் அதனுடையது என்பதால் வேகமாக வளர்ந்து மேலே உள்ளதை அமுக்கிவிடும். மூன்று வினாடி வேலை. அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் ஐந்து வருடம் தண்ணீர் ஊற்றிப் புளிப்பு மாங்காய் பறித்த வீடுகள் உண்டு. அந்த மூன்று வினாடிக்கு என்ன கூலி போடுவது?

களை எடுப்பது அறிவே வேண்டாத வேலை என்று நினைப்பார்கள். கோரையிடம் போய்ப் பாருங்கள். மண்ணுக்குள் கோரைக்கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் கோத்துச் சங்கிலியாக இருக்கின்றன. முன்னால் உள்ள கிழங்கு முளைத்து மேலே வந்ததும் பின்னால் உள்ளவை அடங்கிக் கிடக்கின்றன. மல்லியில் பார்த்த அதே நுனி ஆதிக்கம், இங்கே மண்ணுக்கு அடியில்! களைக்கொத்தால் மேலே இருப்பதைக் கொத்திச் சங்கிலியை அறுத்தால், ஒவ்வொரு கிழங்கும் விடுதலையாகித் தனித்தனியே முளைக்கும். ஒரு கோரையை எடுத்த இடத்தில் பத்து நாளில் நாலு நிற்பது இதனால்தான். விஷயம் தெரிந்தவர் மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையால் நெம்பி, சங்கிலியோடு இழுத்து, கிழங்குகளை வெயிலில் காயப்போடுகிறார். தெரியாதவர் அரை நாளில் முடிப்பார், தெரிந்தவருக்கு ஒரு நாள் ஆகும். மணிக்கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரர் முதலாமவரைத்தான் கெட்டிக்காரர் என்பார்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. செடி உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ லிட்டர்தான் அதன் உடம்பில் தங்குகிறது. மற்றது இலைத்துளைகள் வழியாக ஆவியாகப் போகிறது. திருத்தணி வெயில் தமிழ்நாட்டுச் செய்திகளில் அடிக்கடி முதல் சில இடங்களில் வரும் வெயில். அந்தக் கோடையில் பசுமை மூடிய ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஆறு லிட்டர் என்று வைத்தால்கூட, ஒரு சென்ட் தோட்டத்துக்கு 240 லிட்டர், அதாவது பதினாறு குடம் வேண்டும். காய்ந்த இலை, கரும்புச் சோகை கொண்டு மூடாக்குப் போட்டால் மண்ணிலிருந்து நேரடியாக ஆவியாகும் பங்கு வெகுவாகக் குறையும். நாற்றை மாலையில் நடுவதும், நடும்போது பாதி இலைகளைக் கிள்ளுவதும் இதே கணக்குத்தான்: பிடுங்கும்போது அறுந்த வேர்முடிகள் மறுபடி வளரும் வரை செடியின் செலவைக் குறைக்கிறார்கள். பெரிய மரத்துக்கு அடித்தண்டில் தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் வீண். தண்ணீர் குடிக்கும் இளம் வேர்கள் நிழலின் விளிம்பை ஒட்டித்தான் அதிகம் இருக்கின்றன.

இந்த வேலையின் விலை ஏன் வருடாவருடம் ஏறுகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்குப் பொதட்டூர்பேட்டைத் தறியே பதில் சொல்லும். கைத்தறியில் ஒருவர் ஒரு தறியில் உட்கார்ந்தார். விசைத்தறி வந்தபின் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு ஆளின் ஒரு நாள் உழைப்பில் கிடைக்கும் துணி பல மடங்காகிவிட்டது. மல்லிப் புதருக்குக் கவாத்து செய்ய ஆகும் நேரமோ சோழர் காலத்தில் எவ்வளவோ இன்றும் ஏறக்குறைய அவ்வளவுதான். பொருளாதார அறிஞர்கள் வில்லியம் பாமல், வில்லியம் போவன் இருவரும் 1966-இல் இசைக் கலைஞர்களை வைத்து இதை விளக்கினார்கள். நாலு பேர் வாசிக்க எழுதப்பட்ட இசையை வாசிக்க எந்தக் காலத்திலும் நாலு பேர் வேண்டும், அதே நேரமும் வேண்டும். ஆனால் மற்றத் தொழில்களில் கூலி ஏறும்போது அவர்களுக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அவர்கள் அந்தத் தொழிலில் இருக்கமாட்டார்கள். தோட்டக்காரரின் நிலையும் அதுவே. ஆலைக்கும் கட்டட வேலைக்கும் போனால் கிடைப்பதை இங்கே கொடுக்காவிட்டால் கத்தரி பிடிக்கும் கை நம் ஊரில் இருக்காது.

நம் முன்னோர் இதை வேறு வழியில் தீர்த்திருந்தார்கள். கோயில் நந்தவனத்துக்கு ஆள் வைக்கும்போது ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிக்கவில்லை, நிலத்தை ஒதுக்கினார்கள். கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் என்று வருவது அந்த நிலம்தான். அதன் விளைச்சல் தோட்டத்தின் பராமரிப்புக்கும் அங்கே வேலை செய்பவரின் பிழைப்புக்கும் போகும், சந்திர சூரியர் உள்ளவரை. தோட்ட வேலைக்கு முடிவு கிடையாது, எனவே கூலிக்கும் முடிவு கூடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இன்னும் ஒரு படி மேலே போகின்றன. குடவோலையில் தேர்ந்தெடுத்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் தோட்ட வாரியத்துக்கு, ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு. ஊரின் மேலான ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்குப் போகிற பன்னிரண்டு பேர், முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்களாக, கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களாக இருக்க வேண்டும். தோட்டத்தைப் பார்த்துப் பழகியவரிடம்தான் ஊரை ஒப்படைத்தார்கள்.

வேலை தெரிந்த ஆளை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரி சாட்சி. 1847 வாக்கில் ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, மலிவாகக் காய்கறி கிடைக்க ஒரு தோட்டம் தொடங்கினார்கள். அது ஓடவில்லை. 1848-இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்ஐவர் என்ற தொழில்முறைத் தோட்டக்காரரை வரவழைத்தார்கள். தொட்டபெட்டாவின் சரிவில், சதுப்பும் புதருமாகக் கிடந்த இடத்தை அடுக்கடுக்காகத் திருத்த அவருக்கு ஏறக்குறைய பத்து வருடம் பிடித்தது. இன்று கோடைதோறும் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும் தாவரவியல் பூங்கா அதுதான்.

அதனால் அடுத்த முறை ஆள் வந்து நிற்கும்போது, கூலியைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மல்லியை எப்போது வெட்டுவீர்கள்? இந்த மாங்கிளையை எந்த இடத்தில் அறுப்பீர்கள்? கணுவையும் வளையத்தையும் விரலால் தொட்டுக் காட்டுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். வேலையை நாள் கணக்கில் பேசாமல் செடிக் கணக்கில் பேசுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். நவம்பர் கடைசி வாரத்தில் எல்லா வீட்டிலும் அவரைத் தேடுவார்கள், ஐப்பசியிலேயே சொல்லிவையுங்கள். பேசிய பணத்தை அன்று மாலையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.